ஆடிப் பதினெட்டு வரை சிஞ்ச்வட்டில்

ஆடி 11. காலை ஒன்பதே முக்காலுக்குத் திருப்பூரில் குர்லா எக்ஸ்பிரஸ் ஏறினேன். புனே வரை சுமார் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர். ஸ்லீப்பர் டிக்கெட் அறுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். என் சகலை குமரேசன் ஏ.சி. வகுப்பில் போட்டுத் தருவதாகப் போனில் சொன்னார். எனக்கு ஏ.சி. ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டேன். நான் ஏ.சி. பெட்டியில் ஒருமுறைகூட ஏறியதில்லை. அவர் காசில் ஏறுவதுதான் ஒத்துக்கொள்ளாது.

சகலை என்றால், என் மனைவி சரசுவின் தங்கை வசந்தாவைக் கட்டியவர். எங்கள் கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து அவர்கள் கல்யாணம். அப்போது நான் பனியன் கம்பெனியில் டைலர், அவர் கோயமுத்தூரில் ஒரு லேத்துப் பட்டறையில் கூலி. மாமனார் வீட்டு விசேஷங்களில் எனக்குத்தான் முதல் இலை போடுவார்கள். பிறகு அவர் புனேக்குப் போனார். பத்து வருஷம் வேலை பார்த்து, சொந்தமாக இரண்டு மெஷின் போட்டு, அதை நான்காக்கி, இன்று பன்னிரண்டு கம்ப்யூட்டர் மெஷின், நாற்பத்தெட்டு ஆட்கள். கார்களுக்கு உள்ளே போகிற சின்னச் சின்ன இரும்புத் தண்டுகள் செய்கிறார். இப்போது மாமனார் வீட்டில் அவர் வந்து உட்காரும் வரை இலையே போடுவதில்லை.

என் தொழிலைத் திருப்பூர்க்காரர்கள் பவர் டேபிள் என்பார்கள். பெரிய ஏற்றுமதிக் கம்பெனி துணியை வெட்டிக் கொடுக்கும், நாங்கள் தைத்துக் கொடுப்போம். என்னிடம் இருபத்திரண்டு மெஷின். அமெரிக்கா வரி போடப் போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து அதில் ஏழுதான் ஓடுகிறது. வரியைப் போட்டுவிட்டால்கூட ஏதாவது ஒரு கணக்குக்கு வந்துவிடலாம். போடுவார்களா, எப்போது, எவ்வளவு என்று தெரியாமல் அங்கே வாங்குகிறவன் ஆர்டரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறான். இங்கே என் டைலர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒடிசாக்காரர்கள் நான்கு பேர் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் குமரேசன் கூப்பிட்டார். அவர் பட்டறையில் பாதிக்கு மேற்பட்ட பங்கை ஒரு பெரிய கம்பெனி விலைக்குக் கேட்கிறதாம். பேச்சு முடிகிற நிலையில் இருக்கிறதாம். அந்தப் பெரிய கம்பெனிக்கு நான்கு ஆலைகள். எல்லாத் தொழிலாளர்களும் கம்பெனி டி-ஷர்ட் போட வேண்டும். "டீல் முடிஞ்சதும் அந்த டி-ஷர்ட் ஆர்டர உங்களுக்கே வாங்கித் தர்றேன்ணா. சாம்பிள் எடுத்துட்டு வாங்க" என்றார். அந்த ஆர்டர் வந்தால் தீபாவளி வரை என் இருபத்திரண்டு மெஷினும் நிற்காது.

அவருக்கு நல்லது நடந்தால்தான் எனக்குச் சோறு. இப்படி ஒரு நிலைமை எந்தச் சகலைக்கும் வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டே சாம்பிள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரி ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்தார். புனேயில் இறங்கி சாங்லி சந்தைக்குப் போகிறவர். நான் பனியன்காரன் என்று தெரிந்ததும் பாவம் பார்த்தார்.

"எங்களுக்கு மழை ஒண்ணுதான் சாமி கவலை. மேல பாத்தாப் போதும். நீங்க எங்கீங்க பாப்பீங்க?"

"டிவியில பாக்கறோமுங்க" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவர் மேலும் பொறாமையாக இருந்தது.

ஆடி 12. மதியம் ஒன்றரைக்குப் புனே. நம் ஊர் மழை கொட்டிவிட்டு ஓயும். புனே மழை கொட்டவும் இல்லை, ஓயவும் இல்லை. பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு பெய்துகொண்டே இருந்தது. சகலை வீடு இருக்கிற சிஞ்ச்வட் போக லோக்கல் ரயில் உண்டு, டிக்கெட் ஐந்து ரூபாய்தான். ஆனால் மதியத்தில் ரயில் இல்லை, மூன்று மணி ஆகும் என்றார்கள். குமரேசன் போன் செய்தார்.

"கார் அனுப்பட்டுங்ளாண்ணா?"

"வேண்டாங்க சகலை. லோக்கல் வந்துருச்சு, ஏறிட்டேன்" என்றேன்.

அப்படிச் சொன்னதால் ஒன்றரை மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார வேண்டியதாயிற்று. வடா பாவ் இருபது ரூபாய். பன்னுக்குள் போண்டாவை வைத்து, பச்சை மிளகாய் ஒன்றைப் பொரித்துத் தருகிறார்கள். டீ பத்து ரூபாய், அளவு இரண்டு வாய். திருப்பூரில் டீ பதினைந்து, ஆனால் குடித்தோம் என்று இருக்கும்.

சிஞ்ச்வட்டில் இறங்கியபோது குமரேசன் குடையோடு நின்றுகொண்டிருந்தார். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பையை வாங்கிக்கொண்டார். இப்படி நடந்துகொள்வதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. கொஞ்சம் திமிராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும்.

பதினோராம் மாடியில் வீடு. மூன்று படுக்கையறை. பால்கனியில் நின்றால் பவனா ஆறு வளைந்து போவதும், அந்தப் பக்கம் மெட்ரோத் தூண்களும், அதற்கும் அப்பால் பட்டறைக் கூரைகளும் தெரிகின்றன. எங்கே பார்த்தாலும் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம், அதன் தலையில் கிரேன். எண்ணத் தொடங்கினேன், பிறகு விட்டுவிட்டேன். ஊர் வளருகிறது என்று பேப்பரில் படிக்கும்போது நமக்கு ஒன்றும் ஆவதில்லை. வேறொருவர் பால்கனியில் நின்று பார்க்கும்போதுதான் உறுத்துகிறது.

வசந்தா காப்பி கொடுத்தாள். "அக்காவையும் கூட்டிட்டு வந்துருக்கலாமல்ல மாமா? ஒத்தையா வந்துருக்கீங்க."

"அவளுக்கு வேலை இருக்குதும்மா."

உண்மையில் சரசு வந்திருந்தால் இந்த வீட்டின் ஒவ்வொரு டைல்ஸையும் திருப்பூர் வரை பேச்சிலேயே கொண்டுவந்திருப்பாள்.

ராத்திரிக்குச் சோள மாவில் தட்டிய பாக்ரி, கத்திரிக்காய்க் குழம்பு. சின்ன வெங்காயம் தமிழ்க் கடையில் கிலோ நூற்று இருபது என்று வசந்தா சொன்னாள். "டிவில விலைவாசி கொறஞ்சிருச்சு, கொறஞ்சிருச்சுங்கறான். யார் வீட்டுக்குக் கொறஞ்சுதுன்னு கேட்டுச் சொல்லுங்க. நானும் அங்கயே போய்ச் சமைச்சுக்கறேன்." பேச்சு நடுவில் காவலாளி போன் செய்ய, அவள் மராத்தியில் நாலு போடு போட்டாள். மாமனார் ஊரான கருமத்தம்பட்டியில் ஆட்டுக்குட்டிக்குப் பயந்து ஓடிய பெண்தான் இவள்.

ஆடி 13. காலையில் போஹா. அவலைத் தாளித்துக் கறிவேப்பிலை தூக்கலாகப் போட்டிருந்தாள். வீட்டிலிருந்து பட்டறை நான்கு கிலோமீட்டர். காரில் போகும்போது நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். முன்னால் வரச் சொன்னார். எனக்கு இதுதான் வசதி என்றேன்.

பட்டறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரைக்குப் பச்சைப் பெயிண்ட். நடக்கிற வழிக்கு மஞ்சள் கோடு. மெஷின்கள் கண்ணாடிக் கதவோடு பீரோ மாதிரி நிற்கின்றன. உள்ளே வெள்ளையாக எண்ணெய்த் தண்ணீர் பீய்ச்சி அடிக்க, இரும்பு சுற்றுகிறது. என் பவர் டேபிளில் பஞ்சு பறக்கும், ரேடியோ பாடும், ஆட்கள் சண்டை போடுவார்கள். இங்கே ஒருவரும் பேசவில்லை. மேஸ்திரி ஒரு மராத்திக்காரர், பெயர் ஜாதவ். எனக்கு வணக்கம் வைத்து, குமரேசனைக் காட்டி இந்தியில் என்னவோ சொன்னார். "எங்க சாகிப்போட பெரிய அண்ணனான்னு கேக்கறார்" என்று குமரேசன் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

மூலையில் பதினைந்து இருபது மரப்பெட்டிகள் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தன.

"அது என்னங்க?"

"அமெரிக்காச் சரக்குண்ணா. நம்ம உருப்படியில மூணுல ஒரு பங்கு அங்க போகுது. இப்ப அனுப்ப வேண்டாம், பொறுங்கன்னுட்டான்."

அதைக் கேட்டதும், மறைக்க என்ன இருக்கிறது, சூடாக ஒரு காப்பி உள்ளே இறங்கியது மாதிரி இருந்தது. இவருக்கும் நின்றிருக்கிறது. இரண்டு நிமிஷம் அந்தச் சந்தோஷம் இருந்தது. மீதி இரண்டு பங்கு உள்ளூர்க் கார்களுக்குப் போகிறது, அது முன்னைவிட நன்றாகவே ஓடுகிறது என்று அடுத்து சொன்னார். போய்விட்டது.

பதினோரு மணிக்கு கார்த்திக் என்பவர் வந்தார். வாங்குகிற கம்பெனிக்காக இந்தப் பேச்சுவார்த்தையை நடத்துகிறவர். சென்னைப் பையன், முப்பத்தைந்து வயதிருக்கும், அவுந்த் பக்கம் குடியிருக்கிறார். பட்டறை குமரேசன், வசந்தா இருவர் பேரிலும் இருப்பதால் வசந்தாவும் வந்து உட்கார்ந்தாள். நான் வெளியே போகிறேன் என்றேன். "உக்காருங்கண்ணா" என்று குமரேசன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

கார்த்திக் முதலில் என் சாம்பிளைப் பார்த்தார். நின்றுபோன அமெரிக்க ஆர்டரில் மிஞ்சிய டி-ஷர்ட்கள். துணியைத் தடவினார், கழுத்துப் பட்டையில் இருந்த லேபிளைத் திருப்பினார்.

"அங்கிள், இந்த பிராண்ட் என்கிட்ட ரெண்டு இருக்கு. மால்ல ஒண்ணு ரெண்டாயிரத்து நூறு குடுத்தேன். நீங்கதான் தைக்கறீங்களா?"

"ஆமாங்க."

"உங்களுக்கு எவ்ளோ கிடைக்கும்?"

நான் சொன்னேன். அவர் மறுபடி கேட்டார். நான் மறுபடி சொன்னேன். அவர் டி-ஷர்ட்டை மடித்து, வாங்கியதைவிட மெதுவாக என் கையில் கொடுத்தார்.

பிறகு பொருளாதாரம் பேசினார். "அவுட்லுக் நல்லாத்தான் இருக்கு அங்கிள். குரோத் ஸ்ட்ராங், இன்ஃப்ளேஷன் கீழ வந்துருச்சு, வட்டியும் கொறையுது. எல்லா எடத்துலயும் கம்பெனிங்க கைமாறிட்டு இருக்கு. டாரிஃப் ஒண்ணுதான் டென்ஷன். இந்த வாரம் எப்ப வேணா அறிவிப்பாங்க. வரி இல்லன்னு ஆயிட்டா உங்க விலை ஏறிடும்னு எங்க எம்.டி. நாளைக்கே சைன் பண்ணிடலாம்ங்கறார். சைன் ஆயிட்டா அப்புறம் அமெரிக்கா என்ன பண்ணாலும் இந்த விலை மாறாது."

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் இது புரிந்தது. மழைக்கு முன்னால் துணியை எடுத்து உள்ளே போடச் சொல்கிறார்.

"ஆடியிலயா?" என்றாள் வசந்தா.

"ஆன்ட்டி..."

"ஆடியில யாராச்சும் கையெழுத்துப் போடுவாங்களா தம்பி? ஆவணி பொறக்கட்டும்."

"எங்க வீட்லயும் ஆடி பாப்பாங்க ஆன்ட்டி. ஆனா எம்.டி. மராத்தி. அவங்களுக்கு இப்பதான் ஸ்ராவண் ஆரம்பிச்சிருக்கு, ரொம்ப நல்ல மாசம். அவர்கிட்ட போய் ஆகாத மாசம்னு நான் எப்டி சொல்றது?"

அதே மழை, அதே கிழமை. எங்களுக்கு ஆகாதது, அவர்களுக்குப் புண்ணியம். குமரேசன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, நீங்க மூத்தவுங்க. நீங்க சொல்லுங்க. என்ன பண்ணலாம்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பத்துப் பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் கேட்கவே கூச்சம். ஆவணி என்று சொன்னால் இவர் இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் தவிப்பார். தவிக்கட்டுமே என்று உள்ளே ஒரு குரல். நாளைக்கே என்று சொன்னால் என் ஆர்டர் நாளைக்கே உறுதி, ஆனால் வசந்தா மனசு நோகும், பின்னால் ஏதாவது தப்பாகப் போனால் மாமா சொல்லித்தானே என்பாள். அந்த நேரத்தில் என் வாயில் தானாக வந்தது இதுதான்:

"ஆடிப் பதினெட்டு இருக்குதல்லங்க. அன்னிக்கு நாள் பாக்க வேண்டியதில்ல. எது தொடங்குனாலும் பெருகும்பாங்க."

"அட ஆமா! பதினெட்டாம் பெருக்கு!" வசந்தா கையைத் தட்டினாள். "இந்த ஊருக்கு வந்து எனக்கு எல்லாமே மறந்து போச்சு பாருங்க மாமா."

கார்த்திக் போனில் தேதி பார்த்தார். "பதினெட்டுன்னா இன்னும் அஞ்சு நாள். சரி, நான் எம்.டி.கிட்ட பேசிக்கறேன். அங்கிள் ப்ராப்ளத்த சால்வ் பண்ணிட்டார்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு நிமிஷம், அந்த ஒரு நிமிஷம், எனக்கு மறுபடி முதல் இலை போட்ட மாதிரி இருந்தது.

ஆடி 14. குமரேசன் பட்டறைக்குப் போனதும் நான் தனியாக ஊர் சுற்றினேன். சாங்விக்கு பஸ்ஸில் போய் ஆற்றுப் பாலத்தில் நின்றேன். அலுவலகம் போகிற கூட்டம், ஆளுக்கொரு ஸ்கூட்டர், மழைக் கோட்டு. லோஹேகாவ் விமானத்தளத்துப் பக்கமிருந்து போர் விமானம் ஒன்று சத்தத்தைப் பின்னால் விட்டுவிட்டு மேகத்துக்குள் போனது. நான் மட்டும்தான் அண்ணாந்து பார்த்தேன். ஒரு கடையில் தொங்கிய டி-ஷர்ட்டைப் புரட்டிப் பார்த்தேன். தையல் சுமார். திருப்பூரில்தான் தைத்திருப்பார்கள்.

சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. குமரேசன் சட்டையைக் கூடக் கழற்றாமல் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். வசந்தா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். வரி போட்டுவிட்டார்கள். நம் நாட்டிலிருந்து போகும் சரக்குக்கு என்று பெயர் சொல்லிப் போட்டிருந்தார்கள். இன்னும் கூடலாம் என்றும் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு சொன்னார்.

முதலில் எனக்கு வந்த நினைப்பு என்ன தெரியுமா? இந்தப் பதினோராம் மாடியிலிருந்தும் லிப்ட் கீழே போகும் என்பது. இரண்டாவதாகத்தான் என் டைலர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். வரி பனியனுக்கும்தான். மூன்றாவதாக, நேற்று நான் சொன்ன நாள் ஞாபகம் வந்தது. அதன் பிறகு நான் சோபாவில் சாயவே இல்லை.

அவர்கள் இருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே எனக்குக் கேட்டது.

ஆடி 15, 16, 17. மூன்று நாளும் மழை. குமரேசன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கார்த்திக் முதல் நாள் எடுத்தார், இரண்டாம் நாள் திருப்பிக் கூப்பிடுகிறேன் என்றார், மூன்றாம் நாள் பதினெட்டாம் தேதி நேரில் வருகிறேன் என்று செய்தி அனுப்பினார். நான் ஊருக்குக் கிளம்புகிறேன் என்றேன். "இருங்கண்ணா, நீங்க சொன்ன நாள். நீங்க இருக்கோணும்" என்றார் குமரேசன். குத்திச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று தெரியவில்லை.

பதினாறாம் தேதி பால்கனியில் நின்று சரசுவிடம் போனில் நடந்ததைச் சொன்னேன்.

"பதினெட்டுன்னு சொன்னது நீங்களா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"அவங்க நல்லா இருக்கறது உங்களுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். அவங்க புனேக்குப் போன நாள்ல இருந்து தெரியும். அதுக்காக நம்ம சோத்துலயுமா மண்ணப் போட்டுக்குவாங்க?"

"ஏய், நான் ஆவணின்னு சொல்லல. உன்ற தங்கச்சிதான் ஆவணின்னா. நான் முன்னாடி கொண்டுவந்தேன்."

"நாளைக்கேன்னு சொல்ல வாய் வரலையா?"

கம்பெனி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். ஏழு மெஷின் நான்காகிவிட்டது என்றாள்.

ஆடி 18. வசந்தா விடியலில் எழுந்து எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு எல்லாம் கிளறினாள். பவனா ஆற்றுக்குப் போனோம். ஆறு படித்துறையில் பாதிப் படிகளை விழுங்கிச் செம்மண் நிறத்தில் ஓடியது. எங்களைப் போல ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் வந்திருந்தன. வங்கிக்காரர்கள், ஐ.டி. பிள்ளைகள், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். ஒரு குழந்தை இந்தியில் எதற்கு இதெல்லாம் என்று கேட்க, அதன் அம்மா, "தண்ணி பெருகுற மாதிரி எல்லாம் பெருகணும்னுடா" என்றாள். வசந்தா மஞ்சளும் பூவும் விட்டாள். தண்ணீர் அதை வாங்கிய வேகத்தில் காணவில்லை. குமரேசன் கண்ணை மூடிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அந்த ஒரு தடவை அவருக்காகவே கும்பிட்டேன் என்று சொல்ல ஆசை. என் ஆர்டருக்காகவும்தான்.

பதினோரு மணிக்கு கார்த்திக் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மெல்லிய பை. பேனா மேஜைமேல் தயாராக இருந்தது. அதற்குக் குங்குமம் வைத்திருந்தாள் வசந்தா.

"அங்கிள், நேரா சொல்லிடறேன். எம்.டி. பின்வாங்கல. ஆனா விலைய கால்வாசி கொறைக்கச் சொல்றார். மீதியிலயும் பாதி இப்ப, பாதி அடுத்த வருஷம். அதுவும் அமெரிக்கா ஆர்டர் திரும்பி வந்தாத்தான்."

"வரலேன்னா?" என்றார் குமரேசன்.

"வரலேன்னா அந்தப் பாதி இல்ல."

"பட்டறை மட்டும் இப்பவே அவுங்களுக்கு?"

கார்த்திக் தண்ணீர் குடித்தார். பிறகு தன்னையறியாமல், "நாலு நாள் முன்னாடி போட்டிருந்தோம்னா..." என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வசந்தா சுவரைப் பார்த்தாள். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன்.

குமரேசன் பேனாவை எடுத்தார். மூடியைப் போட்டார். சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

"சாப்பிட்டுப் போங்க தம்பி. மூணு சோறு செஞ்சிருக்குது."

கார்த்திக் சாப்பிட்டார். தயிர்ச் சோறு இரண்டு தடவை வாங்கினார். போகும்போது என்னிடம், "உங்க டி-ஷர்ட் விஷயம், டீல் க்ளோஸ் ஆனதும் கண்டிப்பா பேசறேன் அங்கிள்" என்றார். நல்ல பையன். டீலே இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆடி 19. பெங்களூர் வரை பஸ், அங்கிருந்து திருப்பூருக்கு வேறு பஸ். வாகட் மேம்பாலத்துக்கடியில் சாயங்காலம் ஐந்தரைக்கு ஏற வேண்டும். பெங்களூருக்கு எண்ணூற்று நாற்பது கிலோமீட்டர், ஏ.சி. ஸ்லீப்பர் ஆயிரத்து இருநூறு ரூபாய். குமரேசனே டிக்கெட் போட்டுவிட்டார். இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை.

காரில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் கேட்டார்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு. அன்னிக்குப் பதினெட்டுன்னு சொன்னீங்களே, வயித்தெரிச்சல்ல சொன்னீங்ளா?"

இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் நேராகப் பேசியது இதுதான்.

"வயித்தெரிச்சல் நீங்க மூணாவது மெஷின் வாங்குன நாள்ல இருந்து இருக்குதுங்க சகலை. ஆனா அன்னிக்குப் பேசுனது அது இல்லீங்க. அது பேசியிருந்தா ஆவணின்னு சொல்லியிருக்கும்."

அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"எனக்குத் தெரியாதாண்ணா? ஒவ்வொரு தடவையும் உங்க மூஞ்சி கண்ணாடி மாதிரி காட்டிக் குடுத்துரும். லோக்கல்ல ஏறிட்டேன்னு பொய் சொன்னீங்களே, அங்க அறிவிப்புச் சத்தம் போன்ல கேக்குது, லோக்கல் மூணு மணிக்குத்தான்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வசந்தா ஆடின்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. கையெழுத்துப் போட எனக்கே கை வரல. எந்தப் பட்டறையில நான் மொதலாளியோ அதுல நான் சம்பளக்காரன் ஆகோணும். அதச் சொல்ல ஆள் இல்ல. நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு கேட்டேன். நீங்க நாள் குறிச்சுக் குடுத்துட்டீங்க."

"இப்ப என்னங்க பண்ணப் போறீங்க?"

"வேற ஒருத்தர் பேச வர்றாங்க. அவுங்களும் கம்மியாத்தான் கேப்பாங்க. வரட்டும். பேசலாம்." பின் சீட்டிலிருந்து என் சாம்பிள் பையை எடுத்துக் கொடுத்தார். லேசாக இருந்தது. "டி-ஷர்ட்டெல்லாம் ஜாதவும் ஆளுங்களும் எடுத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் தொளதொளன்னு இருக்குது. அமெரிக்காக்காரன் எவ்ளோ பெருசா இருப்பானோ! நம்ம நாப்பத்தெட்டுப் பேருக்கும் ஆளுக்கு ரெண்டு தைச்சு அனுப்புங்க. நம்ம ஊர் அளவுல."

தொண்ணூற்றாறு டி-ஷர்ட். என் கம்பெனிக்கு ஒரு காலைப்பொழுது வேலை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சரிங்க என்றேன்.

பஸ்ஸில் ஏ.சி. நன்றாகவே ஒத்துக்கொண்டது. போர்வை கொடுத்தார்கள். திரையை விலக்கிப் பார்த்தால் ஈரச் சாலையில் கார் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு தட்டு, புதுக் கார்கள், ஒவ்வொன்றிலும் என் சகலையின் தண்டு ஒன்று இருக்கலாம். நம் ஊர்ப் பக்கம் இந்நேரம் பனியன் பண்டல் ஏற்றிய லாரிகள் தூத்துக்குடிக்குப் போகிற நேரம். இப்போது பாதிகூடப் போவதில்லை.

புனே எப்படி இருக்கிறது என்று ஊரில் கேட்பார்கள். நல்ல ஊர், மழை அதிகம், டீ கொஞ்சம், வேலை இருக்கிறது என்று சொல்வேன். உன் சகலை எப்படி இருக்கிறார் என்று அடுத்துக் கேட்பார்கள். நஷ்டம்தான் என்று சொல்லலாம். அதைச் சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாததால் அதைச் சொல்லப் போவதில்லை.

வரி அவரையும் அடித்தது, என்னையும் அடித்தது. ஆனால் அவரை அடித்ததும் ஒருவர் பையோடு வீடு தேடி வந்து, விலையைக் குறைத்துச் சொல்லி, மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசிவிட்டு, தயிர்ச் சோறு சாப்பிட்டுப் போகிறார். அடுத்த வாரம் இன்னொருவர் வருகிறார். அவருக்குக் குறைந்த அந்தக் கால்வாசி, என் இருபத்திரண்டு மெஷினையும் கட்டடத்தையும் சேர்த்து விற்றாலும் வராது. அவருடைய நஷ்டத்தின் மேல்கூட எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

எங்கள் சந்துக்கும் ஒருநாள் யாராவது அப்படி வரட்டும். பஞ்சு பறக்கிற இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கட்டும். மெஷின்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கட்டும். கடைசியில், இது எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். சரசுவை மூன்று சோறு செய்யச் சொல்கிறேன்.